இடப்பக்கத்துச் சைலன்சர்

கிளெண்டா மார்ஃப்லீட் தன் வீட்டுக் கொட்டகையில் கார் கட்ட ஆரம்பித்தபோது, இங்கிலாந்தின் மார்க்கெட் ரேசன் ஊரில் அவளைத் தெரிந்த யாரும் ஆச்சரியப்படவில்லை. ஆச்சரியப்பட்டவர்கள் அவளைத் தெரியாதவர்கள்.

முப்பத்தோரு வருஷம் பட்டாணி ஆலையில் வேலை பார்த்தவள் அவள். முதல் நான்கு வருஷம் ஓடுகிற பட்டையின் ஓரத்தில் நின்று, பச்சைப் பட்டாணியோடு சேர்ந்து வருகிற கல்லையும் நத்தையையும் பொறுக்கிப் போடுகிற வேலை. ஐந்தாவது வருஷம், அறுவடை மும்முரத்தில், பட்டை நின்றுபோயிற்று. மெக்கானிக் வர ஒரு மணி நேரம் ஆகும் என்றார்கள். பட்டாணிக்கு அதெல்லாம் தெரியுமா? பறித்த சில மணி நேரத்துக்குள் உறைய வைக்காவிட்டால் அது மாட்டுக்குத்தான். கிளெண்டா மூடியைக் கழற்றி, தேய்ந்துபோன உருளையைப் பிடுங்கி, பக்கத்தில் சும்மா கிடந்த இன்னொரு பட்டையின் உருளையை எடுத்து மாட்டிவிட்டாள். திட்டுவதற்காக ஓடிவந்த மேனேஜர், பட்டை ஓடுவதைப் பார்த்துவிட்டு, வந்த வழியே போய்விட்டார். அடுத்த மாதம் அவளுக்கு மெக்கானிக்கின் நீலக் கோட்டு வந்தது. வெல்டிங்கும் அங்கேதான் படித்தாள். ஓய்வு பெறும்வரை அந்தக் கோட்டைக் கழற்றவில்லை.

அவள் புருஷன் ராய்ஸ்டன் தபால்காரர். எங்கள் பக்கத்துத் தபால்காரர்களுக்கு ஒரு வீம்பு உண்டு. பனி பெய்தாலும் அரைக்கால் டிரவுசர்தான். ராய்ஸ்டன் ஓய்வு பெற்ற பிறகும் அந்த வீம்பை விடவில்லை. கல்யாணத்துக்கும் சாவுக்கும் மட்டும் முழுக்கால் சட்டை. மற்ற நாளெல்லாம் முழங்காலும் கெண்டைக்காலும் ஊருக்கே பொதுச் சொத்து.

காரைப் பற்றிச் சொல்ல வேண்டும். சதுரக் குழாய்களை வெட்டி ஒட்டிச் செய்த சட்டம், செத்துப்போன ஒரு ஜப்பான் காரிலிருந்து பிடுங்கிய என்ஜின், மேலே அலுமினியத் தகடு. ரெண்டு பேர் உட்காரலாம். மூன்றாவதாக ஒரு பூனை வந்தால்கூட யாராவது இறங்க வேண்டும். கூரை இல்லை. கதவும் இல்லை. பக்கத் தகட்டின் மேலே காலைத் தூக்கிப் போட்டுத்தான் உள்ளே இறங்க வேண்டும். இதற்கு ஏழு வருஷம் பிடித்தது. ஏழு வருஷமும் ராய்ஸ்டனுக்கு ஒரே வேலை, பிடிப்பது. விளக்கைப் பிடிப்பார், குழாயைப் பிடிப்பார், டீக் கோப்பையைப் பிடிப்பார். "நம்ம கல்யாணத்துல உன் கையைப் பிடிச்சேன். அதுக்கப்புறம் நீ என்னை எதையுமே விடவிடல" என்பார்.

கடைசியாக மிச்சம் இருந்தது சைலன்சர். இரண்டடி நீளம், பானை மாதிரி பருமன், பளபளவென்று எஃகு. இந்த மாதிரி கார்களில் அது அடியில் ஒளிந்திருக்காது. என்ஜினிலிருந்து குழாய் இடப்பக்கமாக வெளியே வந்து, பக்கத் தகட்டை ஒட்டி ஓடும். சைலன்சர் இடது இருக்கைக்கு நேரே, வெளியே தெரிகிற மாதிரி தொங்கும். வழக்கம் அப்படி. கிளெண்டாவும் ஊரோடு ஒத்துப் போனாள்.

ஒரு சனிக்கிழமை காலையில் அதை மாட்டினார்கள். ராய்ஸ்டன் சிமெண்டுத் தரையில் குந்தி, சைலன்சரின் வால் பக்கத்தை மடியில் வைத்துக்கொண்டிருந்தார்.

"நேரா சட்டத்தோட சேத்து போல்ட் போட்டுட்டா என்ன? ஏன் நடுவுல ரப்பர்?" என்று கேட்டார்.

"என்ஜின் ரப்பர் மேல உக்காந்திருக்கு. அது ஆடும். அதோட குழாயும் ஆடும். சைலன்சரை மட்டும் நீ அசையாம கட்டிப் போட்டேன்னா, ஆடுறதுக்கும் ஆடாததுக்கும் நடுவுல உள்ள ஒட்டு விட்டுப்போகும். ஒரே மாசம்."

"நம்ம ரெண்டு பேரும் நாப்பது வருஷமா விட்டுப்போகலையே."

"நீ ஆடுற. நான் ரப்பர் மாதிரி இருக்கேன். சும்மா பேசாம வாலைத் தூக்கு."

அவர் தூக்கினார். அவள் சட்டத்தில் பற்றவைத்திருந்த பட்டைக்கும் சைலன்சருக்கும் நடுவில் ரப்பர்க் கட்டையை வைத்து, மரையைக் கையாலேயே திருகி, கடைசியில் ஸ்பானரால் ஒரு கால் சுற்று இறுக்கினாள். முன்பக்கம் குழாய்க்குள் குழாய் செருகி, இரண்டு ஸ்பிரிங் போட்டாள். கையால் ஆட்டிப் பார்த்தாள். கொஞ்சம் அசைந்து, திரும்பித் தன் இடத்துக்கு வந்தது. அவளுக்கு ஒரே திருப்தி. அன்றைக்கு மத்தியானச் சாப்பாட்டுக்கு உள்ளே போகாமல், இரண்டு பேரும் தரையிலேயே உட்கார்ந்து சீஸ் ரொட்டியைத் தின்றுகொண்டு அதையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

இப்படிக் கட்டிய காரை நினைத்தபோது சாலையில் எடுத்துக்கொண்டு போக முடியாது. அரசாங்கத்தின் சோதனை நிலையத்துக்குக் கொண்டுபோய், விளிம்பு கையை வெட்டுகிறதா, பிரேக் பிடிக்கிறதா, சத்தம் தொண்ணூற்றொன்பது டெசிபலைத் தாண்டுகிறதா என்று எல்லாம் பார்த்துத் தேற வேண்டும். தேறினால்தான் நம்பர் பலகை. கிளெண்டாவுக்குப் புதன்கிழமை தேதி கொடுத்திருந்தார்கள். அதற்கு முன்னால் ஒரு ஒத்திகை பார்த்துவிடுவது இங்கே கார் கட்டுகிறவர்களின் பழக்கம். நெவில் பிஞ்ச்பெக் என்ற உருளைக்கிழங்கு விவசாயியின் களத்தில் ஞாயிற்றுக்கிழமைகளில் எல்லோரும் கூடுவார்கள். அவருடைய பண்ணைப் பாதை அவருடைய சொந்த நிலம், அதில் நம்பர் இல்லாமல் ஓட்டலாம். அவரிடம் சத்தம் அளக்கிற கருவியும் இருந்தது. அதைத் தம் பேரப்பிள்ளைகளைவிடப் பத்திரமாக வைத்திருந்தார்.

இன்னொரு பழக்கமும் இருந்தது. சைலன்சர் இடப்பக்கம் இருப்பதால், பக்கத்து இருக்கையில் வருகிறவர் இறங்கும்போது என்றைக்காவது ஒருநாள் கெண்டைக்கால் அதில் பட்டுவிடும். பட்டால் அரை விநாடியில் ஒரு அலறல், காலில் ஒரு தழும்பு. அதற்கு அவர்கள் முத்திரை என்று பேர் வைத்திருந்தார்கள். முத்திரை விழாதவர் இன்னும் விருந்தாளி. விழுந்தவர் வீட்டு ஆள். நெவிலின் மனைவிக்கு மூன்று இருந்தன. பாவாடையைத் தூக்கிக் காட்டத் தயங்கவே மாட்டாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை காரை டிரெய்லரில் ஏற்றி, வேனில் கட்டி இழுத்துக்கொண்டு போனார்கள். வேனை ஓட்டியது கிளெண்டா. மூன்று மாதமாகவே அவள்தான் ஓட்டுகிறாள். ராய்ஸ்டனுக்கு வெயிலில் கண் கூசுகிறதாம்.

நெவில் கருவியைக் குழாய் வாயிலிருந்து அரை மீட்டர் தள்ளி நிறுத்தி, கையை உயர்த்தினார். கிளெண்டா மிதித்தாள். நூற்று மூன்று.

"செவுட்டு ஊருக்கு வேணா நம்பர் குடுப்பாங்க" என்றார் நெவில்.

அவள் அசரவில்லை. ஆறவிட்டு, சைலன்சரின் பின்மூடியைக் கழற்றி, உள்ளே இருந்த பஞ்சை உருவிப் பார்த்தாள். செய்தவன் கஞ்சத்தனமாக அடைத்திருந்தான். கொண்டுவந்திருந்த கண்ணாடிப் பஞ்சை உள்ளே ஓடும் துளை போட்ட குழாயைச் சுற்றி இறுக்கிச் சுருட்டி, திணித்து, மூடினாள். தொண்ணூற்றேழு. களத்தில் இருந்த பத்துப் பன்னிரண்டு பேரும் கை தட்டினார்கள். ஒருவர் அடுப்பில் கிடந்த சாசேஜ் இறைச்சியைத் திருப்பிப் போட மறந்துபோனார்.

பிறகு ராய்ஸ்டனைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு பண்ணைப் பாதையில் மூன்று சுற்று. ஏழு வருஷத்தில் முதல்முறையாகக் கார் தன் காலால் ஓடியது. ராய்ஸ்டன் இரண்டு கையாலும் முன்கம்பியைப் பிடித்துக்கொண்டு, சின்னப் பையன் மாதிரி சிரித்துக்கொண்டே வந்தார். கிளெண்டாவுக்கு அந்தச் சிரிப்புப் போதும். அதற்காகத்தான் இத்தனையும் என்று அவளுக்கு அப்போதுதான் தெரிந்தது.

களத்தில் நிறுத்தினார்கள். அவர் காலைத் தூக்கிப் போட்டு இறங்கினார். இறங்கி, காரை ஒட்டி நின்றபடி, நெவிலிடம் இந்த வருஷம் கிழங்கு எப்படி என்று விசாரிக்க ஆரம்பித்தார். நெவில் மழையைத் திட்டினார். ராய்ஸ்டன் தலையாட்டினார். கிளெண்டா இன்னும் இருக்கையில் உட்கார்ந்து, என்ஜின் சூட்டைக் காட்டும் முள்ளைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"யாருப்பா அடுப்பைப் பாக்குறது? சாசேஜ் தீயுது" என்றது ஒரு குரல்.

கிளெண்டா நிமிர்ந்தாள். அடுப்பு இருபதடி தள்ளி இருந்தது. காற்று அந்தப் பக்கமிருந்து வரவில்லை. அவள் எட்டிக் கீழே பார்த்தாள். ராய்ஸ்டனின் வெறும் கெண்டைக்கால் சைலன்சர்மேல் சாய்ந்திருந்தது.

"ராய்ஸ்டன், காலு."

அவர் அவளைப் பார்த்தார். காலைப் பார்க்கவில்லை. "என்ன?"

"காலை எடு. காலை எடுப்பா."

எடுத்தார். தோலில் கொஞ்சம் எஃகிலேயே தங்கிவிட்டது. பிறகு நெவில்தான் ஆரம்பித்தார்.

"அடேயப்பா. சத்தமே போடல பாத்தீங்களா? என் பொண்டாட்டி மூணு தடவையும் பக்கத்து ஊருக்குக் கேக்குற மாதிரி கத்துனா. இதுதாண்டா முத்திரை!"

"நாய் கடிச்சுக் கடிச்சு மரத்துப்போன காலு" என்றார் ராய்ஸ்டன். "தபால்காரன் காலுன்னா சும்மாவா?"

எல்லோரும் சிரித்தார்கள். ஒருவர் பீர் கொண்டுவந்து கையில் கொடுத்தார். கிளெண்டாவும் சிரித்தாள். அந்தச் சிரிப்பை அவள் தனக்கு மன்னிக்கவே இல்லை. ஏனென்றால் சிரிப்பதற்கு முந்தின அரை விநாடியில், அவர் குனிந்து தன் காலைப் பார்த்த முகத்தை அவள் பார்த்துவிட்டாள். வலியில்லாத முகம். பயந்துபோன முகம்.

வீட்டுக்குப் போகிற வழியில் அவள் வேனை மெதுவாக ஓட்டினாள்.

"வலிக்குதா?"

"எரியுது. எரியாம இருக்குமா."

"உனக்கு நிஜமா வெயில்ல கண்ணு கூசுதா ராய்ஸ்டன்?"

அவர் ஜன்னல் வழியாக வயலைப் பார்த்துக்கொண்டு வந்தார். பதில் வரவில்லை. ஆலையில் முப்பத்தோரு வருஷம் இயந்திரங்களைக் கேட்டுப் பழகியவள் அவள். சத்தம் வர வேண்டிய இடத்தில் வரவில்லையென்றால் அதற்கு என்ன அர்த்தம் என்று தெரியும்.

சமையலறையில் அவரை உட்கார வைத்து, காலைத் தொட்டிக்குள் விட்டு, இருபது நிமிஷம் தண்ணீரை ஓடவிட்டாள். பிறகு எதிரே முக்காலியைப் போட்டுக்கொண்டு, இரண்டு பூட்ஸையும் காலுறையையும் கழற்றினாள். வலது பூட்ஸைக் கவிழ்த்தபோது ஒரு சரளைக் கல் தரையில் விழுந்து உருண்டது. பட்டாணியளவு. அவர் குதிகாலில் அதே அளவில் ஒரு குழி, ஓரமெல்லாம் கறுத்து. ஒருநாள் வேலையில்லை அது. நாலைந்து நாளாவது அந்தக் கல்லின்மேல் அவர் நடந்திருக்க வேண்டும்.

"கண்ணை மூடிக்க" என்றாள்.

"எதுக்கு?"

"மூடிக்க சொன்னேன். எந்த விரலைத் தொடுறேன்னு சொல்லு."

மூடிக்கொண்டார். கொஞ்ச நேரம் யோசித்தார். "கட்டை விரல்."

அவள் கை அவள் மடியில்தான் இருந்தது.

"சரி. இப்ப?"

"சுண்டு விரல். இது சுலபம்."

கிளெண்டா எழுந்துபோய்க் கெட்டிலைப் போட்டாள். அவர் கண்ணைத் திறந்து, அவள் முதுகைப் பார்த்தார். என்ன நடந்தது என்று அவருக்குப் புரிய அதிக நேரம் ஆகவில்லை.

"எத்தனை நாளா?" என்றாள், திரும்பாமலே.

"போன வருஷம் ஈஸ்டருக்கு முன்னாடியிலருந்து. மொதல்ல விரல் மட்டும்தான். பஞ்சு மேல நடக்குற மாதிரி. சுகமாத்தான் இருந்துச்சு."

"சுகமா இருந்துச்சா. டாக்டர் சக்கரைக்கு மாத்திரை குடுத்தப்ப காலைப் பத்தி ஒவ்வொரு தடவையும் கேட்டாரே, என்ன சொன்ன?"

"நல்லா இருக்குன்னு சொன்னேன்."

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது என்றால் இதுதான். நாற்பது வருஷம் ஒரே படுக்கை, ஒரே மேஜை. அவளுக்குக் கோபம் தலைக்கு ஏறியது. ஏறின வேகத்திலேயே இறங்கவும் செய்தது. ஏனென்றால் அவர் அடுத்துச் சொன்னதை அவள் எதிர்பார்க்கவில்லை.

"எங்கப்பாவுக்கும் இப்படித்தான் ஆரம்பிச்சுது கிளெண்டா. சொன்னாரு. சொன்ன மறுவருஷம் பாதத்தை எடுத்தாங்க. அதுக்கப்புறம் எட்டு வருஷம் ஜன்னல்கிட்டயே உக்காந்திருந்தாரு. நான் தெருத் தெருவா நடந்து பொழைச்சவன். என்னால உக்கார முடியாது. எனக்குப் பயமா இருக்கு."

"அவரு சொன்னதால எடுக்கல. சொல்ல வேண்டிய நாள்ல சொல்லாததால எடுத்தாங்க."

"அது எனக்கும் தெரியும். தெரிஞ்சும் வாய் வரல."

அவள் டீயை அவர் கையில் கொடுத்தாள். கோப்பையைப் பிடித்திருந்த கை நன்றாகவே சூட்டை உணர்ந்தது. மேஜையில் வைத்துவிட்டு விரலை ஊதிக்கொண்டார். அதைப் பார்த்ததும்தான் அவளுக்கு அழுகை வந்தது.

திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு நெவில் எட்டிப் பார்க்க வந்தபோது, சைலன்சர் கொட்டகைத் தரையில் கிடந்தது. கிளெண்டா சட்டத்தில் பற்றவைத்த பட்டையை அறுத்துக்கொண்டிருந்தாள்.

"என்ன கண்ணு இது? நாளான்னைக்கு டெஸ்டு. தொண்ணூத்தேழு வந்துச்சே!"

"பின்னாடி கொண்டுபோறேன். குழாயை என்ஜினுக்கு அடியில வலது பக்கம் திருப்பி, என் பக்கத்துத் தரைக்குக் கீழ ஓட்டி, சைலன்சரைப் பின்சக்கரத்துக்குப் பின்னால குறுக்க போடப் போறேன்."

"உன் கால் வெந்துரும். தரை சுடும்."

"எனக்குச் சுட்டா எனக்குத் தெரியும்."

நெவிலுக்கு விளங்கவில்லை. "அந்த முத்திரைக்காகவா இவ்வளவு? ஒரு தடுப்புத் தகடு போட்டா ஆச்சு. ஓட்டை ஓட்டையா இருக்குமே, அந்தத் தகடு. என்கிட்டயே ஒண்ணு சும்மா கெடக்கு."

அவள் ரம்பத்தைக் கீழே வைத்தாள். ராய்ஸ்டனின் விஷயத்தைச் சொல்வது அவருடைய உரிமை, தன்னுடையதல்ல என்று நினைத்தாள். ஆனால் பதில் சொல்லாமலும் இருக்க முடியவில்லை.

"தகடும் கொஞ்ச நேரத்துல சுடத்தான் செய்யும் நெவில். சுடுதுன்னு காலை இழுத்துக்கிறவனுக்குத்தான் தகடு."

நெவில் அவளைப் பார்த்தார், சமையலறை ஜன்னலைப் பார்த்தார், தன் தொப்பியைக் கழற்றி மறுபடி போட்டுக்கொண்டார். பிறகு, "குழாய் வளைக்க என்கிட்ட மிஷின் இருக்கு. மத்தியானம் கொண்டாரேன்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். நல்ல மனிதர். வாய் நீளமே தவிர.

புதன்கிழமை தேதி போயிற்று. அடுத்த தேதி எட்டு வாரம் கழித்து. ஜூன் மாதம் எல்லோரும் சேர்ந்து குன்றுகள் வழியாகக் கடற்கரைக்குப் போகிற ஊர்வலமும் போயிற்று. ஏழு வருஷமாகக் கிளெண்டா அந்த ஊர்வலத்தை ஓரத்தில் நின்று கையசைத்து அனுப்பியவள். இந்த வருஷமும் கையசைத்தாள்.

அவளுக்கு அது பெரிதாகப் படவில்லை. பெரிதாகப் பட்டது வேறொன்று. அந்தத் திங்கட்கிழமையே அவரிடம் அவள் ஒரே ஒரு நிபந்தனை போட்டிருந்தாள்.

"நான் சைலன்சரை மாத்துறேன். நீ யாராவது ஒரு ஆள்கிட்ட சொல்லு. உன் வாயால. நான் சொல்ல மாட்டேன், உன்னைக் கையைப் பிடிச்சு இழுத்துட்டும் போக மாட்டேன்."

சரி என்றார். கெண்டைக்கால் புண்ணுக்குக் கட்டுப் போட நர்ஸிடம் போனார். கிளெண்டா வெளியே வேனில் காத்திருந்தாள். திரும்பி வந்து கதவைச் சாத்திக்கொண்டார்.

"சொன்னியா?"

"ரொம்ப வலிச்சுதான்னு கேட்டா. உயிர் போச்சுன்னு சொல்லிட்டேன்."

கிளெண்டா இரண்டு நாள் அவரோடு பேசவில்லை. மூன்றாம் நாள் குழாயைப் பிடிக்க ஆள் வேண்டியிருந்ததால் பேசினாள். அப்புறமும் அவர் ஒவ்வொரு வாரமும் கட்டு மாற்றப் போனார். ஒவ்வொரு வாரமும் வந்து தலையைக் குனிந்துகொண்டார். கல்லுளிமங்கன். கிளெண்டா காலையில் அவர் பூட்ஸைக் கவிழ்த்துத் தட்டுவாள், ராத்திரி பாதத்தைத் திருப்பிப் பார்ப்பாள், வாயைத் திறக்க மாட்டாள். சொன்ன சொல் சொல்தான் என்று இருந்தாள். உள்ளுக்குள் மட்டும், தான் செய்வது சரிதானா, பிடிவாதத்தில் ஒரு காலைத் தோற்றுவிடுவோமோ என்று தினமும் வெந்தாள். சோதனை முடியட்டும், அதற்கப்புறமும் சொல்லாவிட்டால் தானே டாக்டரிடம் போய்ச் சொல்லிவிடுவது என்று முடிவு செய்தாள். சபதம் காலைவிடப் பெரிதில்லை.

வேலை நன்றாக வந்தது. குழாய் என்ஜினுக்கு அடியில் வளைந்து, அவள் இருக்கைக்குக் கீழே ஓடி, பின்னால் போயிற்று. அங்கே சைலன்சரை நாலு ரப்பரில் தொங்கவிட்டாள். வாலின் விளிம்பை விரல் வைத்தாலும் வெட்டாத மாதிரி அரத்தால் மழுக்கினாள். இடப்பக்கம் வெறும் அலுமினியம். மத்தியான வெயிலில்கூடக் கை வைக்கலாம். முன்பு குழாய் வெளியே வந்த ஓட்டையை ஒரு தகடு வைத்து அடைத்தாள். அது ஒட்டுப்போட்ட சட்டை மாதிரி தெரிந்தது. அதற்கு வர்ணம் அடிக்க அவளுக்கு மனமில்லை.

சோதனை நாள் வந்தது. சோதனைக்குப் போகவும் வரவும் மட்டும் சாலையில் ஓட்டலாம் என்பது சட்டம். ஆனாலும் டிரெய்லரில்தான் கொண்டுபோனார்கள். பாதி வழியில் ஏதாவது கழன்றால் மானம் போகும்.

சோதிக்கிறவர் நெடுநெடுவென்று ஒரு மனிதர், கழுத்தில் விளக்கு, கையில் தாள் அட்டை. மூன்று மணி நேரம் காரைச் சுற்றிச் சுற்றி வந்தார். வெட்டுகிற விளிம்பு எங்காவது இருக்கிறதா என்று ஒரு சின்ன உருண்டையை உருட்டிப் பார்த்தார். பிரேக்கை மிதித்தார், விளக்கை அளந்தார். சத்தம் தொண்ணூற்றாறு. கிளெண்டா சுவரோரம் நின்று, கையில் இல்லாத அழுக்கைத் துடைத்துக்கொண்டே இருந்தாள். ராய்ஸ்டன் பக்கத்தில், அரைக்கால் டிரவுசரில், கெண்டைக்காலில் இளஞ்சிவப்பாகத் தழும்போடு நின்றார்.

கடைசியில் அந்த மனிதர் இடப்பக்கம் குனிந்து, அடைத்த தகட்டை விரலால் தட்டினார்.

"இந்த மாதிரி வண்டி நூறாவது பாத்திருப்பேன்ம்மா. எல்லாத்துலயும் சைலன்சர் இந்தப் பக்கம்தான். உங்களுதுலயும் மொதல்ல இங்கதான் இருந்திருக்கு போல. ஏன் மாத்துனீங்க? தப்புன்னு சொல்லல. தெரிஞ்சுக்கக் கேக்குறேன்."

கிளெண்டாவிடம் பதில் தயாராக இருந்தது. பார்க்க அழகாக இருக்கும் என்று மாற்றினோம் என்று சொல்லப் போனாள். வாயைத் திறந்தும்விட்டாள்.

"எனக்காக மாத்துனா" என்றார் ராய்ஸ்டன்.

அந்த மனிதர் நிமிர்ந்து பார்த்தார்.

"எனக்கு ரெண்டு காலும் மரத்துப்போச்சு சார். முழங்காலுக்குக் கீழ ஒண்ணும் தெரியாது. சக்கரை. இதுல சாஞ்சுக்கிட்டு, கால் வேகுறது தெரியாம, உருளைக்கிழங்கு வெலை பேசிட்டிருந்தேன்." தழும்பைக் காட்டினார். "ஒரு வருஷத்துக்கு மேல இவகிட்டகூட சொல்லல. மத்தவங்ககிட்ட இன்னும் சொல்லல. உங்ககிட்டதான் மொதல்ல சொல்றேன்."

தாள் அட்டை கொஞ்சம் கீழே இறங்கியது. "டாக்டர்கிட்ட?"

"போகணும்."

"எப்ப?"

ராய்ஸ்டன் கிளெண்டாவைத் திரும்பிப் பார்த்தார். "இன்னிக்குச் சாயங்காலம். அஞ்சரை மணி வரைக்கும் இருப்பாரு. இவ ஓட்டுவா."

"சரி, அப்ப உங்களை நான் நிறுத்தி வைக்கல" என்றார் அந்த மனிதர். அட்டையில் கடைசிக் கட்டத்தை நிரப்பினார், கையெழுத்துப் போட்டார், உள்ளே போய் முத்திரை குத்தி வந்தார். தேறியாயிற்று. தாளைக் கிளெண்டாவிடம் நீட்டினார்.

ஏழு வருஷம் அந்தத் தாளுக்காக வேலை செய்தவள், இரண்டு கையாலும் புருஷனின் முழங்கையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். விடவில்லை. தாளை ராய்ஸ்டன்தான் வாங்கினார்.